குழந்தைகளின் குறட்டையும் ஓசையுடன் கூடிய சுவாசமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குரிய சுகாதாரப் பாடம்)

குழந்தை குறட்டை விட்டு உறங்குமாயின், "நன்றாய் அயர்ந்து தூங்குகிறது" என்று பெற்றோர் மகிழ்வது நம் கிராமங்களில் சாதாரண வழக்கம். பெரியவரின் குறட்டை நகைப்புக்கு இடமாகும். குழந்தையின் குறட்டை பெருமைக்கு இடமாகும். இவ்விரண்டும் தவறான எண்ணங்களே. குறட்டை என்பது உறக்கத்தின் ஆழத்தைக் காட்டும் அறிகுறி அன்று. மூச்சு செல்லும் வழி குறுகியிருக்கிறது என்பதைக் காட்டும் அறிகுறி. அவ்வழி எவ்விடத்தில், எக்காரணத்தால், எவ்வளவு குறுகியுள்ளது என்பதைப் பொறுத்தே, அது பொறுத்திருந்து பார்க்கத்தக்கதா, சில தினங்களுக்குள் டாக்டரிடம் காட்டவேண்டியதா, அல்லது அன்றிரவே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டியதா என்பது தீர்மானமாகும். இம்மூன்றையும் பகுத்தறியக் கற்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. ஓர் உதாரணம்

திருவண்ணாமலை மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், நகரத்துக்கு மறுபுறமாக அமைந்திருப்பது அடி அண்ணாமலை என்னும் கிராமம். பௌர்ணமிதோறும் இக்கிராமத்தின் வழியே இரவு முழுவதும் யாத்திரிகர் கூட்டம் நடந்துகொண்டே இருக்கும். அவ்விரவுகளில் பாதையோரத்தில் சிறு கடை வைத்து நாலு காசு சம்பாதிக்கும் குடும்பங்கள் அநேகம். அவற்றுள் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம்.

அக்குடும்பத்தில் 6 வயதுள்ள சிறுவன் ஒருவன் இருக்கிறான். கடையின் பின்புறம் விரித்த கோணியின் மீது, வாயைத் திறந்துகொண்டு, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து உறங்குகிறான். அவன் குறட்டை பலமாய்க் கேட்கிறது. நடுவே சிறிது நேரம் ஓசை அடங்குகிறது. பின்னர் திடுக்கிட்டவன்போல் ஒரு பெருமூச்சு இழுத்து, புரண்டு படுத்து, மறுபடியும் குறட்டை விடத் தொடங்குகிறான். "பகலெல்லாம் ஆடின களைப்பு" என்கிறாள் பாட்டி. காலையில் அவனை எழுப்புவது பெரும்பாடாக இருக்கிறது. பாயை நனைப்பது ஒருமுறை நின்றுபோய், இப்பொழுது மறுபடியும் தொடங்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஓரிடத்தில் உட்காரமாட்டான். சொன்னது காதில் விழுவதில்லை. ஆகவே மந்தபுத்தி என்று பெயர் பெற்றுவிட்டான். வீட்டிலும் அதற்காக அடி விழுகிறது.

மற்ற இரவுகளில் அவனுடைய மூச்சைக் கேட்பதற்கு வீட்டில் ஒருவரும் விழித்திருப்பதில்லை. பௌர்ணமி இரவில் எல்லோரும் விழித்திருப்பினும் கூட்டத்தின் ஆரவாரத்தில் அது அமிழ்ந்துபோகிறது. இவ்வாறாக, குழந்தையின் குற்றம் என்று கருதப்படுவது உண்மையில் குழந்தையின் நோயாக இருக்கலாம் என்னும் எண்ணம் யாருக்கும் தோன்றுவதில்லை.

2. மூச்சு செல்லும் வழி

நாம் இழுக்கும் காற்று மூக்கின் வழியே சென்று, அண்ணத்துக்குப் பின்னால் இறங்கி, தொண்டையையும் குரல்வளையையும் கடந்து, மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலை அடைகிறது. மூக்கின் பின்புறத்தில், வாயைத் திறந்தாலும் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில், அடினாய்டு என்னும் சதை இருக்கிறது. தொண்டையின் இருபுறத்திலும் டான்சில் என்னும் சதைகள் இருக்கின்றன. இவை வாயைத் திறந்தால் தெரியும். நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்கு உதவும் இச்சதைகள் சுமார் 2 வயது முதல் 7 வயது வரையில் மிகவும் பருத்திருப்பதும், வாலிபப் பருவத்தை நெருங்குங்கால் சுருங்குவதும் இயற்கை.

அவ்வயதில் குழந்தையின் தொண்டையோ சிறியது. பகலில் விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் விறைப்பாக இருந்து வழியைத் திறந்து வைக்கின்றன. உறக்கத்தில் அத்தசைகள் தளர்கின்றன. வழி மேலும் குறுகுகிறது. காற்று நெருக்கிக்கொண்டு செல்லும்போது அண்ணத்தின் மெல்லிய பின்பகுதியும் உள்நாக்கும் அதிர்கின்றன. அவ்வதிர்ச்சியின் ஓசையே குறட்டை. வழி முற்றிலும் அடைபடுமாயின் ஓசை நின்றுவிடும். நெஞ்சு மாத்திரம் மூச்சுக்காகப் போராடும். அப்பொழுது மூளை, உறக்கத்தைக் கலைத்தாவது மூச்சைக் காப்பாற்றுகிறது. இது ஓர் இரவில் பலமுறை நிகழுமாயின், குழந்தை பத்து மணி நேரம் பாயில் கிடந்தும் உண்மையில் இளைப்பாறவில்லை என்பதே பொருள். ஆகையால், ஓசை அடங்கியவுடன் "இப்பொழுதுதான் நிம்மதியாகத் தூங்குகிறது" என்று எண்ணிவிடுதல் கூடாது. நெஞ்சு அசைகிறதா, காற்று வருகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

இவ்வுண்மை சிறிது சிறிதாகவே வைத்திய உலகத்துக்குப் புலனாயிற்று. 1868-ம் ஆண்டில் டென்மார்க்கு தேசத்தின் கோபன்ஹேகன் நகரில் வில்ஹெல்ம் மேயர் என்னும் டாக்டர், காது மந்தமாயிருந்த ஒரு பெண்ணைப் பரிசோதித்தபோது, மூக்கின் பின்புறத்தில் பருத்திருந்த சதையே காரணம் எனக் கண்டு, அடினாய்டைப் பற்றி முதன்முதலில் விவரமாக எழுதினார். 1889-ம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹில் என்பவர், படிப்பில் பின்தங்கும் குழந்தைகளிற் சிலருக்கு மூக்கும் தொண்டையும் அடைபட்டிருப்பதே காரணமாகலாம் என்று எடுத்துக் காட்டினார். பின்னர் 1976-ம் ஆண்டில் அமெரிக்காவில் கில்லெமினோ முதலிய டாக்டர்கள் 8 குழந்தைகளை உறக்கத்தில் வைத்து ஆராய்ந்து, உறக்கத்தில் மூச்சு தடைபடும் இந்நோய் குழந்தைகளுக்கும் உண்டு என்று நிலைநாட்டினர். இக்காலத்து மதிப்பின்படி, 100 குழந்தைகளில் ஏறக்குறைய 1 முதல் 5 பேர் வரை இந்நோய்க்கு உட்பட்டவர்கள். குழந்தைகள் நிறைந்த எந்தக் கிராமத்திலும் இத்தகையவர் சிலரேனும் இருப்பர் என்று கொள்வதே விவேகம்.

3. பொறுத்திருந்து பார்க்கத்தக்கவை

ஜலதோஷம் பிடித்த குழந்தை சில இரவுகள் குறட்டை விடுவது சாதாரணம். மூக்கு விட்டவுடன் அதுவும் நின்றுவிடும். மூக்கடைப்புக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் சுத்தமான உப்புநீர்ச் சொட்டு மருந்து போதுமானது. தாய்ப்பால் குடிக்கும் சிசுவாயின் பால் கொடுப்பதற்குச் சற்று முன்பாக அதை விட்டால் குடிப்பது எளிதாகும்.

பிறந்து சில வாரங்களே ஆன சிசுக்கள் மூக்கினாலேயே பெரும்பாலும் சுவாசிக்கின்றன. அவற்றின் மூக்குத் துவாரமும் மிகச் சிறியது. ஆகையால் கறகறவென்ற ஓசை அடிக்கடி கேட்கும். சிசு சில விநாடிகள் வேகமாய் மூச்சுவிட்டு, 5 அல்லது 10 விநாடி நிறுத்தி, மறுபடியும் மூச்சுவிடுவதும் இயற்கையே. பால் நன்கு குடித்து, எடை ஏறி, நிறம் மாறாமல் இருக்குமாயின் அச்சம் வேண்டுவதில்லை. ஆனால் மூச்சு 20 விநாடிக்கு மேல் நிற்பதும், உதடு நீலம் பாய்வதும் இயற்கையன்று. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

வேறு சில சிசுக்களுக்குப் பிறந்த சில வாரங்களில், மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற ஓசை தோன்றும். மல்லாந்து படுக்கும்போதும், அழும்போதும், பால் குடிக்கும்போதும் அது அதிகமாகும். குரல்வளையின் மேற்பகுதி இன்னும் உறுதிப்படாமல் துவண்டிருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். பெரும்பான்மையான குழந்தைகளுக்கு ஒன்றரை அல்லது இரண்டு வயதுக்குள் தானாகவே சரியாகிவிடும். ஆயினும் முதலில் ஒருமுறை டாக்டரிடம் காட்டி இன்னதென்று தெரிந்துகொள்ளுதல் அவசியம். பால் குடிக்கச் சிரமப்பட்டாலும், எடை ஏறாவிட்டாலும் காலதாமதம் செய்யலாகாது. ஓசையைக் குறைக்கவேண்டும் என்று சிசுவைக் குப்புறப் போட்டு உறங்க வைப்பதும் கூடாது. ஒரு வயது வரையில் மல்லாந்து படுக்கவைப்பதே அபாயமற்றது.

4. டாக்டரிடம் காட்டவேண்டியவை

ஜலதோஷம் இல்லாத காலத்திலும், வாரத்தில் 3 இரவுகளோ அதற்கு மேலோ குழந்தை குறட்டை விடுமாயின், அதை டாக்டரிடம் காட்டியே தீரவேண்டும். அதனுடன் பின்வரும் அறிகுறிகளில் எவையேனும் சேர்ந்திருந்தால் இன்னும் விரைவில் காட்டவேண்டும்.

இரவில்: மூச்சு இடையிடையே நின்று, பின் திணறி எழுதல், வாய் திறந்து உறங்குதல், கழுத்தைப் பின்னுக்கு வளைத்தோ, உட்கார்ந்தவாறோ உறங்குதல், தலையும் கழுத்தும் வியர்த்தல், நின்றுபோன பாய் நனைத்தல் மறுபடியும் தொடங்குதல்.

பகலில்: காலையில் தலைவலி, வாயால் மூச்சுவிடுதல், மூக்கடைத்த குரல், காது மந்தம், உணவு விழுங்கச் சிரமம், வயதுக்கேற்ற வளர்ச்சியின்மை, சிடுசிடுப்பு, ஓரிடத்தில் நில்லாமை, பாடத்தில் கவனமின்மை.

இங்கு ஒரு விசேஷத்தைக் கவனிக்கவேண்டும். உறக்கம் கெட்ட பெரியவர் பகலில் தூங்கி வழிவார். உறக்கம் கெட்ட குழந்தையோ பெரும்பாலும் தூங்கி வழிவதில்லை. துடுக்குத்தனமும் முரட்டுத்தனமும் காட்டுகிறது. ஆதலால்தான் நோய்க்கு மருந்து கிடைப்பதற்குப் பதிலாகக் குழந்தைக்குப் பிரம்படி கிடைக்கிறது. பெண் குழந்தை குறட்டை விடுவது வெளியில் சொல்லத் தகாதது என்று மறைப்போரும் உளர். வெட்கத்தினால் மூச்சுவழி விரிவதில்லை. ஆணாயினும் பெண்ணாயினும் காட்டவேண்டியது ஒன்றே.

இரவுக் கணக்கு: டாக்டர் குழந்தையைப் பகலில் சில நிமிஷமே காண்கிறார், நோய் இரவில் நிகழ்கிறது. ஆகவே இரவின் வரலாற்றை வீட்டார்தாம் கொண்டுசெல்ல வேண்டும். சங்கத்தின் வரவு செலவைப் பேரேட்டில் பதியாமல் வாய்க் கணக்காய்ச் சொல்வதை எந்த அங்கத்தினரும் ஒப்புக்கொள்வதில்லை அல்லவா? குழந்தையின் விஷயத்திலும் அவ்வாறே செய்யவேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் 14 இரவுகளுக்குக் கோடு போட்டு, ஒவ்வோர் இரவும் குழந்தை உறங்கி ஓரிரண்டு மணி கழித்து ஒரு முறையும், விடியற்காலத்தில் ஒரு முறையும் பக்கத்தில் அமர்ந்து கேட்டு, குறட்டை உண்டா, மூச்சு நின்றதா, வாய் திறந்திருந்ததா, வியர்த்ததா, பாய் நனைந்ததா என்னும் ஐந்து கேள்விகளுக்கும் உண்டு, இல்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் இரண்டு நிமிஷம் ஓசையையும், மேல் சட்டையைக் கழற்றி நெஞ்சின் அசைவையும் பதிவு செய்துகொண்டு போனால், டாக்டருக்கு அது மிகவும் உபயோகமாகும்.

5. சிகிச்சை

காரணத்துக்குத் தக்கபடி சிகிச்சை மாறும். தும்மலும் மூக்கரிப்பும் நீர்வடிதலும் இருந்தால், புகை, தூசி முதலியன ஒவ்வாமையினால் மூக்கு வீங்கியிருக்கலாம். அதற்கு மூக்கில் அடிக்கும் மருந்தை டாக்டர் சில வாரங்களுக்குக் கொடுப்பார். அளவுக்கு மிஞ்சி உடல் பருத்த குழந்தைக்கு எடையைக் கட்டுப்படுத்துதல் வேண்டும். டான்சிலும் அடினாய்டும் மிகுதியாகப் பருத்து மூச்சைத் தடுப்பதாகத் தெரிந்தால், அவற்றை எடுத்துவிடும் சத்திரசிகிச்சையைக் காது மூக்கு தொண்டை டாக்டர் சிபாரிசு செய்யலாம். சில குழந்தைகளுக்கு இரவு முழுவதும் கருவிகளை வைத்து உறக்கப் பரிசோதனை செய்தல் அவசியமாகும்.

சத்திரசிகிச்சை என்றவுடன் அஞ்சி ஓடுவதும் தவறு. எல்லாக் குறட்டைக்கும் அதுவே மருந்து என்று எண்ணுவதும் தவறு. இது குறித்து அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையுள்ள 464 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2013-ம் ஆண்டில் வெளியாயிற்று. உடனே சத்திரசிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 79 பேருக்கு, 7 மாதங்களுக்குப் பின் உறக்கப் பரிசோதனை சரியாக இருந்தது. கவனித்துக்கொண்டு பொறுத்திருந்தவர்களிலும் 100-க்கு 46 பேருக்குத் தானாகவே சரியாயிற்று. சத்திரசிகிச்சை பெற்றவர்களுக்கு நடத்தையும், உறக்கமும், அன்றாட வாழ்வின் சுகமும் மேம்பட்டன. ஆனால் கவனத்தை அளக்கும் சோதனையில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. ஆகவே நோய் கடுமையாயின் தாமதிக்கலாகாது. இலேசாயின் டாக்டருடைய மேற்பார்வையில் சில மாதங்கள் பொறுக்கலாம். சத்திரசிகிச்சை செய்தவுடன் பிள்ளை வகுப்பில் முதல்வனாவான் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. நிம்மதியாய் மூச்சுவிட்டு உறங்குவதே போதுமான லாபம் ஆகும்.

சத்திரசிகிச்சைக்குப் பின் ஒரு வாரம் பத்து நாள் தொண்டை வலி இருக்கும். இரண்டு வாரத்துக்குள் வாயிலிருந்து இரத்தம் வருமாயின், அது சிறிதேயாயினும் உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்பவேண்டும்.

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி 2013-ம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் ஆஸ்பத்திரி அடி அண்ணாமலை முதலிய சுற்றுக் கிராமங்களுக்கு எட்டிய தூரத்திலேயே உள்ளது. அன்றியும், 2013-ல் ஏற்பட்ட ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் திட்டத்தின்படி, டாக்டர் அடங்கிய குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இரு முறையும், அரசினர் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அக்குழுவினர் வரும் நாளில் பெற்றோர் தாமே சென்று இரவுக் கணக்கைக் காட்டுதல் நலம். ஒரு நாட் கூலி போய்விடுமே என்னும் கவலை நியாயமானதே. ஆயினும் கணக்கைக் கையில் கொண்டு ஒருமுறை செல்பவர், கணக்கில்லாமல் நான்கு முறை அலைபவரைக் காட்டிலும் குறைந்த கூலியையே இழக்கிறார்.

6. அன்றிரவே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டியவை

இதுகாறும் கூறியது உறக்கத்தில் மாத்திரம் எழும் ஓசையைப் பற்றியது. நிற்க. விழித்திருக்கும்போதும் மூச்சு ஓசையுடன் வருமாயின், அது வேறு விஷயம். அதில் நாட்கணக்கு இல்லை, மணிக்கணக்கே உண்டு.

முதலாவதாக, மூச்சை எண்ணவேண்டும். குழந்தை அழாமல் அமைதியாய் இருக்கும்போது, வயிறும் நெஞ்சும் எழுந்து தாழ்வதைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணவேண்டும். இருமலோ, மூச்சுத் திணறலோ உள்ள குழந்தைக்குப் பின்வரும் எண்ணிக்கை வேகமான சுவாசம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்திருக்கிறது.

2 மாதத்துக்கு உட்பட்ட சிசு: நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்.
2 மாதம் முதல் ஒரு வயதுக்குள்: 50 அல்லது அதற்கு மேல்.
1 வயது முதல் 5 வயதுக்குள்: 40 அல்லது அதற்கு மேல்.

இவ்வெண்ணிக்கையைத் தாண்டினால் நிமோனியாவாக இருக்கலாம், உடனே காட்டவேண்டும். அன்றியும், மூச்சிழுக்கும்போது விலா எலும்பின் கீழ்ப்பகுதி உட்குழிதல், அமைதியாய் இருக்கும்போதும் உள்மூச்சில் கரடுமுரடான ஓசை, உதடோ நாக்கோ நீலம் பாய்தல், பால் அல்லது தண்ணீர் குடிக்க இயலாமை, எச்சில் விழுங்க இயலாமல் வழிதல், எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. 108 வாகனத்தை அழைக்கவேண்டும்.

பௌர்ணமி இரவுகளில் கிரிவலப் பாதையில் வாகனங்கள் கட்டுப்படுத்தப்படுகின்றன. அடி அண்ணாமலையில் வசிப்போர், கூட்ட நாட்களில் எந்த வழியாக வாகனம் வரக்கூடும், எவ்விடம் வரையில் குழந்தையைத் தூக்கிச் செல்லவேண்டும் என்பதை முன்னதாகவே பஞ்சாயத்தாரிடமும் போலீசாரிடமும் விசாரித்து வைத்துக்கொள்ளுதல் அவசியம். திருவிழாவுக்கென அமைக்கப்படும் மருத்துவ முகாம் எங்குள்ளது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

மணிலாக் கொட்டை: திருவண்ணாமலைச் சீமையில் மணிலா பயிராகாத ஊர் அரிது. அறுவடைக் காலத்தில் திண்ணையிலும் கூடத்திலும் கொட்டை உடைப்பார்கள். தவழும் குழந்தை அதனிடையே இருக்கும். முழுக் கொட்டையை மென்று தின்னும் கடைவாய்ப்பல் அதற்கு இல்லை. சிரிக்கும்போதோ, ஓடும்போதோ, அழும்போதோ கொட்டை மூச்சுக்குழாயில் போய்விடும். குழந்தை திடீரென்று புரையேறி இருமும். பிறகு இருமல் அடங்கிவிடும். அபாயம் நீங்கியது என்று வீட்டார் எண்ணுவர். கொட்டையோ உள்ளேயே தங்கி, ஊறிப் பருத்து, ஒரு பக்கத்து நுரையீரலை அடைக்கும். சில நாள் கழித்து இழுப்பும் சுரமும் காணும். இழுப்பு என்றும் கபம் என்றும் மருந்து கொடுத்துக்கொண்டே வாரங்கள் கழியும். "அன்றொரு நாள் புரையேறியது" என்னும் ஒரு வாக்கியத்தை டாக்டரிடம் சொல்ல மறந்ததனால் விளையும் கேடு இது. எனவே, புரையேறிய பின் ஓசையுடன் மூச்சுவிடும் குழந்தையை, அது விளையாடிக்கொண்டிருந்தாலும், அன்றே காட்டவேண்டும். 5 வயது நிரம்பும்வரை முழுக் கொட்டை கொடுக்கலாகாது. அரைத்தோ, இடித்து மாவாக்கியோ கொடுக்கலாம். புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை முதலியவற்றுக்கும் இதுவே விதி.

அடைத்துக்கொண்ட குழந்தை பலமாய் இருமிக்கொண்டிருந்தால் இருமவிட வேண்டும். இருமவும், அழவும், பேசவும் முடியாவிட்டால், ஒரு வயதுக்கு உட்பட்ட சிசுவைத் தலை தாழ முன்கையில் குப்புற வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டவேண்டும்; வெளிவராவிடில் மல்லாத்தி, நெஞ்சின் நடுவே இரண்டு விரலால் 5 முறை அழுத்தவேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையாயின் முன்னே குனியவைத்து முதுகில் 5 முறை தட்டி, பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே கைகளைக் கோத்து உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்தவேண்டும். இவற்றை மாறி மாறிச் செய்துகொண்டே உதவிக்கு ஆள் அழைக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவலாகாது; அது இன்னும் உள்ளே போய்விடும்.

தொண்டை அடைப்பான்: சுரம், தொண்டையில் சாம்பல் நிறப் படலம், கழுத்து வீக்கம், ஓசையுடன் மூச்சு ஆகியவை தொண்டை அடைப்பான் நோயின் குறிகள். இது உயிரைக் கொள்ளும் தொற்றுநோய். இதைத் தடுக்கும் மருந்து, 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கப்பட்ட ஐந்து நோய்த் தடுப்பூசியில் அடங்கியிருக்கிறது. அதனை 6, 10, 14 வாரங்களில் போட்டு, பின்னர் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும், 5 முதல் 6 வயதுக்குள்ளும் மறு ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் மூன்றோடு நிறுத்திவிடுவது, தவணையில் பாதியைக் கட்டிவிட்டுக் கடன் தீர்ந்தது என்பதற்கு ஒப்பாகும்.

7. செய்யத் தகாதவை

குழந்தைக்கு உடம்பில் எண்ணெய் தேய்ப்பதில் தீங்கில்லை. ஆனால் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதிச் சளி எடுப்பதும் கூடாது. எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் மருந்துக்கு எளிதில் அடங்காத நிமோனியாவை உண்டாக்கும். தொக்கம் எடுப்பதாகத் தொண்டையில் விரல் விடுவதும், வாய்வைத்து உறிஞ்சுவதும் அவ்வாறே ஆபத்தானவை.

கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துச் சிறு குழந்தையின் மூக்கிலும் நெஞ்சிலும் தடவுவது பலருடைய பழக்கம். கற்பூரம் சிறு அளவு உட்சென்றாலும் வலிப்பை உண்டாக்க வல்லது. தலை முழுக்காட்டிய பின் சாம்பிராணிப் புகை காட்டுதல் அன்பினால் செய்யப்படுவதேயாயினும், குழந்தையின் மூச்சுவழி அப்புகையினால் வீங்குகிறது. பீடிப் புகை, கொசுவர்த்திப் புகை, விறகடுப்புப் புகை ஆகிய யாவும் அத்தகையவே. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் எரிவாயு அடுப்பு பல வீடுகளுக்கு வந்திருப்பினும், வெந்நீருக்கென்று விறகு எரிப்பது நிற்கவில்லை. அவ்வடுப்பை வெளியே வைத்து, குழந்தையை அதன் அருகில் விடாதிருத்தல் வேண்டும்.

கடையில் தாமாகவே இருமல் மருந்து வாங்கிப் புகட்டுவதும் விலக்கத்தக்கது. 2025-ம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா ஜில்லாவில், டைஎதிலீன் கிளைக்கால் என்னும் விஷம் கலந்த இருமல் மருந்தைக் குடித்துப் பல சிறு குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு மாண்டனர். அவ்வாண்டு அக்டோபரில் மத்திய சுகாதார இலாகா, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் சளி மருந்துகளைக் கொடுக்கலாகாது என்றும், 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பொதுவாக அவை உகந்தவை அல்ல என்றும் அறிவித்தது.

8. சங்கம் செய்யக்கூடிய உதவி

தனியொருவன் பெறமுடியாத கடனைப் பலர் சேர்ந்து நாணயத்தின் பேரில் பெறலாம் என்பதே 1904-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்நாட்டில் தோன்றிய கூட்டுறவு இயக்கத்தின் மூலதத்துவம். அத்தத்துவம் பணத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. இப்பாடத்தைச் சங்கக் கூட்டத்தில் உரக்க வாசிக்கச் செய்யலாம். மூச்செண்ணிக்கையையும் அபாயக் குறிகளையும் பெரிய எழுத்தில் எழுதிச் சங்கக் கட்டிடத்தின் சுவரில் ஒட்டலாம். இரவில் வாகனம் கொடுத்து உதவ இசைந்த அங்கத்தினர்களின் பெயரை அதன் கீழே குறிக்கலாம். ஒரு தாய் ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நாளில் அவள் களையெடுக்கும் வேலையை மற்றொருத்தி ஏற்று, பின்னொரு நாள் அவள் அதைத் திருப்பிச் செய்யலாம். இதற்கு வட்டியும் இல்லை, ஜாமீனும் வேண்டியதில்லை.

மேலே கூறிய சிறுவனின் குடும்பம் அடுத்த பௌர்ணமிக்குள் 14 இரவுக் கணக்கு எழுதுமாயின், அவனைப் பற்றிய பேச்சு மாறிவிடும். மந்தபுத்தி என்றது மூச்சுத் தடையாகவும், திமிர் என்றது உறக்கமின்மையாகவும் தோன்றும். டாக்டர் மருந்து கொடுக்கலாம், சத்திரசிகிச்சை செய்யலாம், சில மாதம் பொறுக்கவும் சொல்லலாம். எதுவாயினும், அந்நோட்டுப் புத்தகத்தை எழுதத் தொடங்கிய இரவிலிருந்தே அவனுக்கு அடி விழுவது நிற்கவேண்டும். அதற்கு டாக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சங்கக் கூட்டத்தில் ஆலோசித்தற்குரிய வினாக்கள்

1. குறட்டை ஓசை நின்றவுடன் குழந்தையிடம் எதைக் கவனிக்கவேண்டும்? ஏன்?
2. எத்தனை இரவுகள் குறட்டை விட்டால் டாக்டரிடம் காட்டவேண்டும்?
3. 8 மாதக் குழந்தை இருமலுடன் நிமிஷத்துக்கு 54 முறை மூச்சுவிடுகிறது. செய்யவேண்டியது யாது?
4. நமது ஊரில் மணிலா உடைக்கும் இடங்களில் சிறு குழந்தைகளை எவ்வாறு விலக்கி வைக்கலாம்?
5. கூட்ட நாளின் இரவில் நமது தெருவுக்கு ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரக்கூடும்? விசாரித்து வரும் பொறுப்பை ஏற்கும் அங்கத்தினர் யார்?